குடைக்கு எட்டாத கைத்தட்டு

தூத்துக்குடிக்காரர்களுக்குக் கடலின் சத்தம் மறந்துபோய்ப் பல வருஷமாகிவிட்டது. கடல் அங்கேயேதான் இருந்தது. அலை எழும், வளையும், கரையில் வந்து விழும், நுரை மணலில் ஊறும். காதில் மட்டும் ஒன்றும் விழாது. கண்ணாடித் தொட்டிக்குள் மீன் வாயசைப்பதைப் பார்க்கிற மாதிரி ஊர் தன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் ஒலிக்குடையின் உபயம்.

குடை என்றால் கம்பியும் துணியும் இல்லை. தெருவுக்குத் தெரு நட்ட கம்பங்களின் உச்சியில் மொட்டு மொட்டாக ஒரு கருவி, அவ்வளவுதான். சரக்கு லாரியும் கப்பல் சங்கும் சேர்ந்து பிள்ளைகளின் காதை மந்தமாக்கிக்கொண்டிருந்த காலத்தில் அதைக் கொண்டுவந்தார்கள். பதிவு செய்த மனிதக் குரல்களை விட்டுவிட்டு மற்ற சத்தத்தையெல்லாம் குடை துடைத்துவிடும். வீட்டுக்குள்ளும் சரி, வீதியிலும் சரி. குடை விரிந்த முதல் நாள் ஊரே தெருவில் நின்று அழுதது. பக்கத்து வீட்டு முணுமுணுப்புகூடத் தெளிவாகக் கேட்டதால் சில வீடுகளில் சண்டையும் வந்தது. அப்புறம் எல்லாம் பழகி, ஊர் ஒரு நீண்ட மதியத் தூக்கத்துக்குள் போய்விட்டது. அந்தத் தூக்கத்துக்குள் குரல்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

அப்படி மிதந்தவற்றில் வைஜயந்தியின் குரலுக்குத் தனி மவுசு. துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் அவள்தான் ஏலம் கூறுகிறவள். "சீலா பாருங்க சீலா, கண்ணு இன்னும் மூடல பாருங்க" என்று அவள் எடுத்தால், வாங்க வராதவனும் பையைத் தடவிப் பார்ப்பான். அந்தக் குரல் அவளுக்குப் பிறக்கும்போது வாய்த்ததில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிய வயதிலிருந்து, கண்ணாடி முன்னால் நின்று, தொண்டை வறள வறள, ஒவ்வொரு எழுத்தாக அவளே செய்துகொண்டது. உடம்பில் டாக்டர்கள் செய்ததைவிட இது பெரிய வேலை என்று அவளே சொல்வாள். முன்பெல்லாம் கடை கடையாகக் கைதட்டிக் காசு வாங்கிக்கொண்டிருந்தவள்தான். ஏல வேலை கிடைத்த அன்று கையைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் அவள் தட்டிப் பார்த்ததில்லை.

ஏலக்கூடத்தின் இன்னொரு புகழ்பெற்ற குரல் ரொசிட்டாவுடையது. கூறு கட்டி மீன் விற்கிறவள், கணவனை இழந்தவள், யார் வாய்க்கும் அஞ்சாதவள். தினமும் காலையில் ஐஸ்கார சூசையோடு அவள் போடுகிற சண்டையைக் கேட்பதற்கென்றே சிலர் டீயோடு வந்து உட்கார்வார்கள். ஐஸ் கரைந்ததற்குச் சூசை சூரியனைக் குறை சொல்வார். ரொசிட்டா சூசையின் ஏழு தலைமுறையைக் குறை சொல்வாள். ஆனால் வைஜயந்தியிடம் மட்டும் அந்த வாய் தேனாக ஒழுகும். வைஜயந்திக்கு முதலில் வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

தேர்தல் முடிவு வந்த காலை, ஏலக்கூடத்து டிவி முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஜெயித்த கட்சி பிரசாரத்தில் ஊர் ஊராகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பிறந்த குரலே குரல். பிறப்புப் பதிவில் ஆண் என்றிருந்தால் குடை ஆண் குரலைத்தான் விடும், பெண் என்றிருந்தால் பெண் குரலைத்தான் விடும். இடையில் செய்துகொண்டதெல்லாம் சத்தம். சத்தத்தைத் துடைக்கத்தானே குடை?

சிலர் கைகொடுத்துக்கொண்டார்கள். சிலர் வைஜயந்தியைப் பார்த்ததும் டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். அவள் அன்றைக்கும் ஏலம் கூறினாள். சாளை, விளமீன், ஊளி, ஒன்றையும் விடவில்லை. கடைசிக் கூறு போனபிறகு ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். குடையின் பதிவில் அழுகைச் சத்தம் இல்லை, அதனால் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஊருக்கு வடக்கே உப்பளத்தில் குடை முடிகிறது. கடைசிக் கம்பத்தைத் தாண்டி வரப்பில் கால் வைத்தால் போதும், காற்று ஓவென்று காதுக்குள் நுழையும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் வைஜயந்தியும் அவள் ஆட்களும் அங்கே கூடினார்கள். திருநங்கைகள், திருநம்பிகள், அவர்களுக்கு வேண்டியவர்கள். வெள்ளை வெளேரென்ற உப்பு அம்பாரங்களுக்கு நடுவே, பாத்தித் தண்ணீரில் வானமும் கிடக்க, எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லை. இத்தனை அழகான இடத்தில் இத்தனை பயத்தோடு மனிதர்கள் உட்கார்ந்திருப்பது வைஜயந்திக்குக் கனவில் நடப்பது போலிருந்தது.

ரொசிட்டா பெரிய தூக்குவாளியில் நண்டு ரசம் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே போனாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குடையைப் பராமரிக்கிற வேலையில் இருந்த இனியன்தான் விஷயத்தை விளக்கினான். அவனும் திருநம்பி. மருந்தும் முயற்சியுமாகச் சேர்த்த கட்டைக் குரல் அவனுக்கு.

"சட்டம் வந்த அன்னைக்கு நம்ம பதிவெல்லாம் போயிரும்க்கா. பேசலாம், யாருக்கும் கேக்காது. கேக்கணும்னா குரல் பதியுற நிலையத்துக்குப் போயி பிறப்புக்குரல் வாங்கிக்கணும். நாம பேசுறதை குடையே பிறப்புப் பதிவுப்படி மாத்தி வெளிய விடும்."

"மாத்தின்னா?" வைஜயந்தி கேட்டாள்.

"நீங்க பேசுவீங்க. ஒரு ஆம்பளக் குரல் கேக்கும்."

"வேற வழியே கெடையாதாப்பா?" ரொசிட்டா கேட்டாள். "யாருமே குரல மாத்த முடியாதா?"

"தொண்டையில கட்டி, ஆபரேஷன்னு வந்தவங்க புதுக்குரல் பதியலாம். ஆயுசுக்கு ஒரு தடவ. பழைய குரல் அத்தோட போயிரும். ஆனா ஆணுக்கு ஆண் குரல், பொண்ணுக்குப் பொண்ணு குரல்தான். நமக்கு அது ஒத்துவராதுக்கா."

எல்லோரும் கலைந்து போகிறபோது ரொசிட்டா வைஜயந்தியின் பக்கத்தில் வந்து வரப்பில் உட்கார்ந்தாள். வாளியை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"நானும் அவனுவளுக்குத்தாம்ட்டி ஓட்டுப் போட்டேன்."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"இன்னைக்கு நீங்க என் மூஞ்சியவே பாக்கலியே."

ரொசிட்டாவின் வாய் கோணியது. "மவன் படகுக்கு டீசல் மானியம் தாரோம்னானுவ. ஒங்க விசயமும் சொல்லத்தான் செஞ்சானுவ, காதுல விழத்தான் செஞ்சுது. சும்மா பேச்சுக்குச் சொல்லுதானுவ, எங்க செய்யப்போறானுவன்னு நெனச்சிட்டேன். என்னைய ரெண்டு அடி அடிச்சிருட்டி."

வைஜயந்திக்கு அடிக்கத்தான் தோன்றியது. ஆனால் தன்னை முதன்முதலாக ஏலக்கூடத்துக்குள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் ஓட்டுப் போட்ட அதே கைதானே. எழுந்து நடந்துவிட்டாள்.

சட்டம் வந்தது. அந்தக் காலையில் வைஜயந்தி கூறின் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, தொண்டை நரம்பு புடைத்தது, நெஞ்சுக்குள் அதிர்வுகூட இருந்தது. சத்தம் இல்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் அவளைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வியாபாரி அவள் நிற்பதே தெரியாத மாதிரி குறுக்கே புகுந்து சீலாவை எடுத்துப் பையில் போட்டார். அவள் கத்தினாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினாள்.

அப்புறம் கை தானாக எழுந்தது. விரல்களை விரித்து, உள்ளங்கையோடு உள்ளங்கையை அறைந்தாள்.

டப்!

ஏலக்கூடம் முழுக்கத் திரும்பியது. மனிதக் குரலைத் தவிர வேறு சத்தத்தையே மறந்திருந்த ஊர் அது. வியாபாரி கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். வைஜயந்தியே தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எந்தத் தட்டுக்காக ஊர் அவளைப் பார்த்து முகம் சுளித்ததோ, எந்தத் தட்டை அவளே வெட்கப்பட்டு மடித்து வைத்தாளோ, அது மட்டும்தான் மிச்சமிருந்தது.

"தட்டை அமுக்கக் குடைக்கு நேரம் பத்தாதுக்கா," என்று உப்பளத்தில் இனியன் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு சிரிக்கிறான். "ஒரு சத்தம் கெளம்பும்போதே அதோட மிச்சம் எப்படி இருக்கும்னு குடை கணிக்கும். கணிச்சு, எதிர்ச்சத்தம் ஒண்ணு அனுப்பும். ரெண்டும் மோதி ஒண்ணுமில்லாமப் போயிரும். லாரி, அலை, பேச்சு எல்லாம் இழுத்துக்கிட்டு வர்ற சத்தம், மாட்டிக்கிடும். நம்ம தட்டு அப்படியா? குடை முழிச்சுப் பாக்கதுக்குள்ள முடிஞ்சிருது."

கொஞ்ச நாள் அதை வைத்தே ஏலம் நடந்தது. ஒரு தட்டுக்கு ஒரு தரம், இரண்டு தட்டுக்கு இரண்டு தரம். ஊரில் ஆங்காங்கே டப் டப்பென்று கேட்க ஆரம்பித்தது. மருந்துக்கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில். கேட்டவர்களுக்கு ஏதோ தூக்கத்தில் கதவு தட்டுகிற மாதிரி இருந்தது. சிலர் எரிச்சல்பட்டார்கள், சிலர் எழுந்து இடம் விட்டார்கள். ரொசிட்டாவும் தட்டிப் பார்த்தாள். வரவேயில்லை. அவள் தட்டினால் ஜெபக்கூட்டத்தில் பாட்டுக்குத் தட்டுகிற மாதிரி இருந்தது. விரலை விரிக்கச் சொன்னால் உள்ளங்கை குவிந்துகொள்ளும். வைஜயந்தி கோபத்தையும் மீறிச் சிரித்துவிட்டாள்.

ஆனால் தட்டை வைத்து மீனின் கண் இன்னும் மூடவில்லை என்று சொல்ல முடியுமா? விலை படியவில்லை. ஏலக்கூடத்துக் குத்தகைக்காரர் மச்சாது கெட்ட மனிதர் இல்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேசினார். "பிறப்புக்குரல வாங்கிக்கிடுங்கம்மா. வார்த்தை ஒங்க வார்த்தைதானே? என்ன குரலா இருந்தா என்ன? வார திங்கக்கெழமைக்குள்ள பாத்து முடிச்சிருங்க. அதுக்கு மேல என்னால சமாளிக்க முடியாது."

என்ன குரலாக இருந்தால் என்ன என்பதை வைஜயந்தி தன் வீட்டிலேயே பார்த்துவிட்டாள். அவள் மகள் தூரிகா பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெற்ற மகள் இல்லை, வீட்டார் துரத்தியபின் வைஜயந்தியின் வீட்டுக்கு வந்து மகளானவள். குழந்தைகளிடம் பேசாமல் நர்ஸ் வேலை பார்க்க முடியாது என்று அவள் பிறப்புக்குரல் வாங்கிக்கொண்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, பழக்கத்தில் "ம்மா" என்றாள். யாரோ ஒரு முரட்டு ஆண் வாசலில் நின்று கூப்பிட்ட மாதிரி கேட்டது. வைஜயந்தி திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்தத் திடுக்கிடலை மகள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் மட்டும்தான் தூரிகா பேசுவாள். வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்குப் போனபோது வைஜயந்தி முடிவு செய்திருந்தாள். "நாளைக்கு நிலையத்துக்குப் போயி வாங்கிட்டு வந்துருதேன். வயித்துக்கு வேணுமே," என்றாள். தன் குரலைத் தானே கேட்கிறபோது அது ஊருக்குப் போகப்போகிற பிள்ளையின் குரலாகப் பட்டது.

ரொசிட்டா பக்கத்தில் வந்து நின்றாள். அவளோடு இனியனும் தோளில் கருவிப்பையோடு நின்றான்.

"ஒரு தடவ ஏலம் கூறுட்டி," என்றாள் ரொசிட்டா.

"இங்க எங்கக்கா மீனு இருக்கு? உப்பையா விக்கச் சொல்லுதிய?"

"உப்பையே வில்லு. ஒன் குரல்ல கேட்டு நாளாச்சு. நாளைக்கு அப்புறம் எங்க கேக்கப்போறேன்?"

வைஜயந்தி அம்பாரத்தின் மேல் ஏறி நின்றாள். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு காற்றுக்கு எதிராகக் குரலை உயர்த்தினாள். உப்பை விற்றாள். பாத்தியில் கிடந்த வானத்தை விற்றாள். தூரத்தில் நின்ற கொக்கை, கடைசிக் கம்பத்தை, ஜெயித்த கட்சியைக்கூட ஒரு கூறு போட்டு, "அழுகுன சரக்கு, அள்ளிட்டுப் போறவங்களுக்கு சும்மா தாரேன்" என்று விற்றாள். கீழே நின்றவர்கள் சிரித்துச் சிரித்து அழுதார்கள். ரொசிட்டா மட்டும் சிரிக்கவில்லை. பாடம் கேட்கிற பிள்ளை போல ஒவ்வொரு வார்த்தையையும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள். இனியன் பையை மார்போடு அணைத்தபடி குனிந்தே நின்றான். வைஜயந்தி இறங்கி வந்தபோது அவளை ரொசிட்டா கட்டிப்பிடித்து, "ஏட்டி, நாளைக்கு நெலயத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஏலக்கூடத்துக்கு ஒரு நட வா. வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை வைஜயந்தி கொஞ்சம் தாமதமாகவே போனாள். வெயில் ஏறியிருந்தது. நிலையம் திறந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஏலக்கூடத்தில் அன்று நல்ல வரவு. நடுவில் ஒரு சீலா கிடந்தது, ஆள் நீளத்துக்கு, வெள்ளியாக. யாரும் கூறாததால் கேட்பாரில்லை. பார்த்ததும் அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. கேட்காது என்று தெரிந்தும், பழக்க தோஷம்.

"சீலா பாருங்க சீலா, கண்ணு இன்னும் மூடல பாருங்க..."

கேட்டது.

அவளுக்கே கேட்டது. கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் செய்த குரல், அவளுடைய குரல், ஒரு இழை குறையாமல். ஏலக்கூடத்தில் எல்லா வாயும் மூடிக்கொண்டது. குடை கெட்டுப்போய்விட்டதோ என்று வைஜயந்தி வெளியே பார்த்தாள். அலை எப்போதும்போல ஊமையாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ரொசிட்டாவைப் பார்த்தாள். ஐஸ் பெட்டியருகே சூசையின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, சேலையை இழுத்துச் செருகி, வாயை அகல அகலத் திறந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு சத்தம் வரவில்லை. சூசை திகைத்துப்போய் நின்றார்.

வைஜயந்தி ஓடிப்போய் ரொசிட்டாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னத்தச் செஞ்சு வச்சிருக்கிய?"

ரொசிட்டா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள். கட்டி என்று சைகை செய்தாள். பொய் சொல்கிறபோது அவளுக்கு எப்போதும் வருகிற கள்ளச்சிரிப்பு வந்தது. நேற்று உப்பளத்தில் இனியன் அந்தப் பையை ஏன் மார்போடு அணைத்து நின்றான் என்பது வைஜயந்திக்கு இப்போதுதான் விளங்கியது.

"எனக்காகவா? ஒங்ககிட்ட யாரு கேட்டா? மவன்கிட்ட எப்படிப் பேசுவிய? மீன எப்படி விப்பிய? ஆயுசுக்கு ஒரு தடவதானக்கா!" வைஜயந்தி அழுதுகொண்டே கத்தினாள். கத்தியதெல்லாம் தெளிவாகக் கேட்டது. ரொசிட்டா டிசில்வாவின் பேரில் பதிந்த குரலில் அவள் ரொசிட்டாவையே திட்டிக்கொண்டிருந்தாள்.

ரொசிட்டா பதிலுக்குக் கையைத் தூக்கினாள். தட்டினாள். அதே ஜெபக்கூட்டத் தட்டு. குவிந்த உள்ளங்கை, பொத்தென்று ஒரு சத்தம். ஆனாலும் கேட்டது.

வைஜயந்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தக் கைகளைப் பிடித்தாள். மீன் செதில் ஒட்டிய, ஐஸில் மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்துவிட்டாள். உள்ளங்கையை நிமிர்த்தினாள். "இப்பத் தட்டுங்க," என்றாள்.

டப்!

அன்றைக்கு அவள் நிலையத்துக்குப் போகவில்லை. அந்த வாரம் முழுக்க ஏலம் நடந்தது. ரொசிட்டாவின் கூறையும் அவளே கூவி விற்றாள். ரொசிட்டா தட்டி விலை சொல்வாள், அது படியாவிட்டால் முகத்திலேயே திட்டுவாள். சண்டை கேட்க டீயோடு வந்து உட்கார்கிறவர்கள்தான் பாவம், எழுந்து போனார்கள்.

சனிக்கிழமை காலை ஏலக்கூடத்து வாசலில் யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். கட்டைக் குரல். வைஜயந்தி திரும்பினாள். கருவிப்பையோடு இனியன் நின்றிருந்தான். குடைக்குக் கீழே, வாய் திறந்து, அவன் குரலிலேயே கூப்பிட்டிருந்தான்.

"தம்பி! நீ எப்படி?"

"ஊர்ல தொண்டைக்கோளாறு பரவுதுக்கா," என்றான் அவன். சிரிப்பை அடக்க முடியவில்லை. "நிலையத்துல வரிசை நிக்குது. இன்னைக்குக் காலையில தூரிகா வார்டு தலைமை நர்ஸும் வந்து நிக்காங்க. கையில தூரிகாவோட பழைய பிறந்தநாள் வீடியோ."

வைஜயந்தி பக்கத்திலிருந்த கூடையைப் பிடித்துக்கொண்டாள். "கண்டுபிடிச்சிர மாட்டானுவளா?"

"சட்டம் எழுதுனவங்க எல்லாத்தையும் யோசிச்சுட்டாங்க. தானா வந்து ஊமையாகிறவங்க இருப்பாங்கன்னு மட்டும் அவங்களுக்குத் தோணவே இல்ல."

"சரி, ஒனக்கு யாருப்பா குடுத்தா?"

இனியன் ஐஸ் பெட்டியின் பக்கம் கண்ணைக் காட்டினான்.

அங்கே ரொசிட்டா கரைந்துபோன ஐஸைச் சுட்டிக்காட்டிச் சூசையை நோக்கி ஓங்கித் தட்டினாள். சூசை வானத்தில் சூரியனைக் காட்டினார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. உடனே பெரிய கைகளை அகல விரித்து, பதிலுக்கு இரண்டு தட்டு தட்டினார். அவருக்கும் சரியாக வரவில்லை. ரொசிட்டா தலையில் அடித்துக்கொண்டு, அவர் விரல்களைப் பிடித்து விரித்துவிட்டாள். டீயோடு வந்தவர்கள் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள்.

வைஜயந்தி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூறின் முன்னால் போய் நின்று, அன்றைய முதல் சீலாவைக் கூற ஆரம்பித்தாள்.